பஞ்சாப் கோதுமை

மம்சாபுரத்தில் நெல் விளையும், பருத்தி விளையும், தென்னை நிற்கும். கோதுமை மட்டும் ரேஷன் கடையில்தான் விளையும். மாதம் இரண்டு கிலோ, தூசியும் வண்டுமாக வரும். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் அது சப்பாத்தி ஆகும், மற்ற வீடுகளில் பாதி கோழிக்குப் போகும். அப்படிப்பட்ட ஊரில் கோதுமையை வைத்து ஒருத்தி பெருமை அடித்துக்கொள்ள முடியும் என்றால், அது நாச்சியாரால் மட்டும்தான் முடியும்.

அவள் புருஷன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் ஹவில்தார். இப்போது பஞ்சாபில் பிரோஸ்பூர் பக்கம் இருக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தபோது சின்ன மகளுக்குச் சத்துமாவு அரைக்க என்று ஒரு வெள்ளைச் சாக்கில் இருபது கிலோ கோதுமையைக் கட்டி, மூன்று ரயில் மாறித் தூக்கி வந்து போட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர் போனவர் யாரும் அந்தச் சாக்கைப் பார்க்காமல் வெளியே போனதில்லை. நாச்சியார் ஒருதரம் அங்கே குவார்ட்டர்ஸில் போய் ஆறு மாதம் இருந்தவள். கோதுமைக் கதிருக்கு மீசை உண்டு என்பதையும், அறுப்புக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகக் கிடக்கும் என்பதையும், அங்கே அதற்குப் பேர் ‘கனக்’ என்பதையும் அவள் தெருவில் சொல்லாத நாள் கிடையாது.

“கனகமா? அப்பம் பொன்னுன்னுல்லா சொல்லுதான்” என்று வாயைப் பிளந்தாள் முத்தாத்தாள். தெருவில் முளைப்பாரி வளர்க்கிற வீடு அவளுடையது. வயசும் அதட்டலும் உள்ளவள். அவள் வாயைப் பிளந்தால் தெருவே பிளந்த மாதிரி.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாயிற்று. இந்த வருஷம் பதினொரு பேர் பாரி போடுகிறார்கள். நவதானியம் என்பது ஒரு கைப்பிடி, பேருக்கு. மண்சட்டியில் மேலே பரப்புவதெல்லாம் கோதுமைதான். பயறு கோணல்மாணலாகப் போகும், கோதுமைதான் ஒரே உயரத்துக்கு எழுந்து நிற்கும். எட்டு நாளும் விரதம். சட்டிகள் முத்தாத்தாள் வீட்டு இருட்டறையில் இருக்கும். யார் சட்டி நன்றாக வளர்கிறதோ அவள் வீடு தழைக்கும். வளராத சட்டிக்காரியைப் பற்றி யாரும் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.

“இந்த வருசம் ரேசன் கோதுமை வேண்டாம். எல்லாருக்கும் நானே தாரேன். பஞ்சாப் கோதுமை” என்று நாச்சியார் சொல்லிவிட்டாள். சாமிக்குக் கொடுக்கிற மாதிரியும் ஆயிற்று, தெருவுக்குக் காட்டுகிற மாதிரியும் ஆயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் பெண்கள் சொம்பும் கிண்ணமுமாக வந்து ஆளுக்கு ஒரு படி வாங்கிப் போனார்கள். சாக்கு காலியானது. கடைசிப் படியை மாரீஸ்வரிக்கென்று ஒரு தூக்குவாளியில் போட்டு வைத்திருந்தாள் நாச்சியார். அது நல்ல மனசுதான், இல்லை என்று சொல்ல முடியாது. மாரீஸ்வரி ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிறவள். பகல் ஷிப்ட் முடிந்து மில் வண்டியில் வந்து இறங்க நேரமாகும்.

அவளுக்கு இது முதல் பாரி. புருஷன் வேல்பாண்டி தேங்காய் லோடு ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, பத்து மாதம் படுக்கையில் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் உனக்குப் பாரி சுமக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். தை மாதம் அவன் கம்பு ஊன்றி நடந்துவிட்டான். எட்டு நாள் லீவுக்குச் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சம்பளம் இல்லாமல் வாங்கியிருந்தாள்.

அவள் வந்தபோது நாச்சியார் புருஷனோடு வீடியோ காலில் இருந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் அடுக்களை. அடுப்படித் திண்டில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தூக்குவாளி, இரண்டும் அவள் கல்யாணச் சீர். ஒன்றில் மாரீஸ்வரிக்கான கோதுமை. இன்னொன்றில் காலையில் சத்துமாவுக்கென்று பதமாக வறுத்து ஆறவைத்த கோதுமை.

“இந்தா பாருங்க, மாரியும் வந்துட்டா. நம்ம கோதுமைதான் தெரு முழுக்க” என்று போனை மாரீஸ்வரி முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“பிள்ளைக்குன்னு கொண்டாந்தேன், நீ ஊருக்கெல்லாம் அளந்துட்டியாக்கும்” என்று சிரித்தான் சுந்தரபாண்டியன்.

“சாமி காரியம், சும்மா இருங்க” என்றபடியே, போனைப் பார்த்துக்கொண்டே, கைக்கு வந்த வாளியை எடுத்து மாரீஸ்வரியின் பாத்திரத்தில் கவிழ்த்தாள்.

மாரீஸ்வரி பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோனாள். “அக்கா, என்னா வாசம்! நிறமும் செவசெவன்னு இருக்கு.”

“பின்னே? பஞ்சாப் கோதுமைன்னா சும்மாவாட்டி?” என்றாள் நாச்சியார்.

செவ்வாய்க்கிழமை சட்டிகளில் விதை பரப்பினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கும்மி அடிக்கப் போனபோது முத்தாத்தாள் கதவைத் திறந்து விளக்கைக் காட்டினாள். பத்துச் சட்டியில் விரல் நீளத்துக்கு வெள்ளையும் மஞ்சளுமாக முளை எழும்பி நின்றது. நாச்சியாரின் சட்டி எல்லாவற்றையும்விட அரை விரல் கூடுதல். பதினோராவது சட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து தட்டைப்பயறு தலையைத் தூக்கியிருந்தது. மற்றபடி வெறும் மண்.

யாரும் கும்மி அடிக்கவில்லை. மாரீஸ்வரி சட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். “தண்ணி சரியாத்தான ஊத்துனிய, பெரியம்மா?”

“பதினொண்ணுக்கும் ஒரே கைதான்” என்றாள் முத்தாத்தாள். அவள் முகம் இறுகிவிட்டது.

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி ஷிப்டுக்கும் போகிறவளுக்கு விரதம் என்ன வாழுது. கேன்டீனில் என்னத்தைத் தின்றாளோ, யார் யாரோடு வண்டியில் வருகிறாளோ. மாரியாத்தாள் என்ற ஒருத்தி, “அம்மனுக்குத் தெரியாதாட்டி யாரு சுத்தம், யாரு அசுத்தம்னு” என்றாள். நாச்சியாரும் அங்கேதான் நின்றாள். ஆமென்று தலையை ஆட்டினாள். இதைப் பின்னால் அவள் எத்தனை தரம் நினைத்து நினைத்து வெந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. தலையை ஆட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் சத்துமாவு அரைக்கப் போனாள். மாவு மில் விஜயபாண்டி கம்பையும் கேழ்வரகையும் பயறையும் கொட்டிவிட்டு, கோதுமை வாளியைக் கையில் எடுத்தவன் நிறுத்தினான். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தான்.

“மதினி, கோதுமைய வறுக்காம கொண்டாந்துட்டியளே.”

“வறுத்தேனே. நானே நின்னு வறுத்தேன்.”

“வறுத்ததுன்னா கடுக்குன்னு உடையும். இது சவக்கு சவக்குன்னு இழுக்கு. நீங்களே கடிச்சுப் பாருங்க.”

கடித்துப் பார்த்தாள். பச்சைக் கோதுமை, பல்லில் ஒட்டியது. அந்த நிமிஷத்தில் அவள் மூக்கில் வறுத்த வாசம் வந்தது. மில்லில் இல்லாத வாசம். மாரீஸ்வரி பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாளே, அந்த வாசம்.

“அரைக்கவா, வறுத்துக் கொண்டாரியளா?” என்று விஜயபாண்டி இரண்டு தரம் கேட்டான். “அரைச்சிரு” என்றாள் அவள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மாவு மில்லிலிருந்து மாரீஸ்வரி வீடு நாலு எட்டு. அவ்வளவு தூரம் நடக்க நாச்சியாருக்குக் கால் வரவில்லை. வேண்டுமென்று செய்ததா, கை தவறிச் செய்ததுதானே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, சாமிக்கு வறுத்த விதையைக் கொடுத்தவள் என்று ஊர் சொல்லுமே என்றது. வறுத்த விதை விதைப்பது வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில் வாயால் சொல்லக்கூடாத பேச்சு. எவன் காடாவது வெளங்காமல் போகவேண்டும் என்றுதான் அதைச் சொல்லித் திட்டுவார்கள். அவள் புருஷன் வேறு எல்லையில் நிற்கிறான். அவனுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அன்றைக்கு உன் கோதுமை என்று விரல் நீட்டுவார்கள். இப்படியெல்லாம் ஞாயம் பேசிப் பேசி அவள் சனிக்கிழமையைக் கடத்தினாள். உள்ளதைச் சொன்னால், புருஷனுக்காகப் பயந்தது கால், தன் பேருக்காகப் பயந்தது முக்கால்.

அன்று மகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, “பச்சையா நாறுதும்மா” என்று தம்ளரைத் தள்ளியது. நாச்சியார் அந்தக் கஞ்சியைத் தானே எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதுவும் ஒரு தண்டனை ஆகுமா என்ன.

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாரி வளர்த்து விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்ன ஞாபகம். பஸ் ஏறிப் போனாள். ஒரு நல்ல சட்டியை வாங்கி, ரகசியமாக மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். தேடிக் கண்டுபிடித்த வீட்டுக்காரி, “நேர்ச்சைப் பாரியாம்மா? அப்பம் நேந்த கைதான் வளக்கணும். வாங்கி வச்சா அம்மனை ஏமாத்துன மாதிரில்லா” என்றாள். ஏற்கெனவே ஏமாற்றிக்கொண்டிருப்பவளுக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை. நாச்சியார் என்பதே ஆண்டாள் பேர். அவ்வளவு தூரம் போயும் ஆண்டாள் கோயிலுக்குள் நுழையாமல், தேர்முட்டிப் பக்கம் ஒரு கடையில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பால்கோவாவை நேராக மாரீஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வேல்பாண்டி கட்டிலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். “வாங்க மதினி” என்று எழுந்திருக்கப் பார்த்தான். இருங்க இருங்க என்று பதறினாள்.

மாரீஸ்வரியின் கண் வீங்கிக் கிடந்தது. பால்கோவாவைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டாள். “இந்தத் தெருவுல ஒருத்தரும் என் வாசப்படி மிதிக்கலக்கா. நீங்க ஒருத்திதான் வந்திருக்கிய.”

“அழாதட்டி.”

“நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா.”

நாச்சியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ என்னட்டி பண்ணுன?”

“காப்புக் கட்டுன அன்னைக்கு மில் கேன்டீன்ல சாம்பார் சாதம்தான் வாங்குனேன். அந்தக் கரண்டியில முட்டைக் கொழம்பையும் தொட்டிருப்பானோ என்னமோ. நான் கேக்கல. பசி. கேக்காம தின்னுட்டேன். ரெண்டு நாளா வேற என்ன, வேற என்னன்னு யோசிச்சுப் பாக்கேன், அது ஒண்ணுதான் தட்டுப்படுது.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மனுக்கு நான் மில்லுக்குப் போறதே பிடிக்கல போல. நாளைக்குப் போயி நின்னுக்கிடுதேன்னு சொல்லிரப் போறேன். இவுகளுக்குக் கால் நல்லபடியா இருந்தாப் போதும். நூறுநாள் வேலைக்குப் போயிக்கிடுதேன்.”

இப்போது சொல் என்று நாச்சியாரின் நெஞ்சு அடித்தது. வாயைத் திறந்தாள். “அவசரப்பட்டு மில்ல விட்டுறாத” என்று மட்டும் வந்தது.

“இத நான் திங்கக் கூடாதுக்கா, விரதம்லா” என்று பால்கோவாவை மாரீஸ்வரி புருஷனிடம் கொடுத்தாள். இத்தனைக்குப் பிறகும் அவள் விரதத்தை விடவில்லை. நாச்சியார் தெருவுக்கு வந்ததும், வெட்கம் பிடுங்கித் தின்பது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாரீஸ்வரி மில்லுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் மேளம் அடித்தது. பாரிச் சட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துப் பூச்சுற்றினார்கள். முத்தாத்தாள் மாரீஸ்வரியின் சட்டியைத் தனியாகத் தூண் ஓரம் ஒதுக்கி வைத்தாள். “நீ சுமக்க வேண்டாம் தாயி. ஊர் கண்ணுல படக்கூடாது. எல்லாரும் போன பொறவு நீ தனியா எடுத்துக் கண்மாயில விட்டுரு.” அதட்டாமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கொஞ்சம் தள்ளி வேல்பாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு, பொண்டாட்டி பாரி தூக்குவதைப் பார்க்க வந்து நின்றான். அவள் சுமக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதைப் பார்த்ததும் நாச்சியாருக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று நடுவில் போய் நின்றாள். “மாரி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாளிய மாத்திக் குடுத்துட்டேன். அவளுக்குக் குடுத்தது சத்துமாவுக்கு வறுத்த கோதுமை.”

மேளம் நிற்கவில்லை. பெண்கள் மட்டும் அடங்கினார்கள். பிறகு முத்தாத்தாள் வந்து, இரண்டு கையாலும் நாச்சியாரின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள்.

“பாத்தியளாட்டி, பட்டாளத்தான் பொண்டாட்டி மனச! இன்னொருத்தி பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதா!”

“இல்ல அத்தை, நெசமாத்தான்.”

“போதும் தாயி. உன் மனசுக்குத்தான் உன் பாரி இப்படி வளந்து நிக்கி.”

அன்றைக்குச் சுத்தம் அசுத்தம் பேசிய மாரியாத்தாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாச்சியார் சத்தியம் செய்தாள். செய்யச் செய்ய அவர்கள் இன்னும் உருகினார்கள். மாரீஸ்வரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதியக்கா. உங்க வீட்டுக்காரர் அங்க இருக்காரு.”

“ஏட்டி மாரி, நீதான சொன்ன. என்னா வாசம்னு சொன்னேல்லா. பச்சைக் கோதுமைக்கு ஏதுட்டி வாசம்?”

மாரீஸ்வரியின் கை அப்படியே நின்றது. நாச்சியாரின் முகத்தைப் பார்த்தாள். மற்ற யாருக்கும் விளங்காதது அவளுக்கு விளங்கிவிட்டது, கண்ணில் தெரிந்தது. பிடித்திருந்த கையை விட்டாள்.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று அடங்கின குரலில் கேட்டாள்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒன்றிலாவது அவள் பொய் சொல்லவில்லை. “சனிக்கிழமை. மாவு மில்லுல.”

“சனிக்கிழமை” என்றாள் மாரீஸ்வரி. கொஞ்சம் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை பால்கோவா கொண்டாந்திய.”

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட நாச்சியார் தாங்கியிருப்பாள்.

“என் பாரிய நீ தூக்கு மாரி. உன்னுத நான் தூக்குதேன்” என்று கெஞ்சினாள்.

“உங்க பாரி எனக்கு எதுக்கு?” மாரீஸ்வரி தூண் ஓரம் போனாள். நாலு தட்டைப்பயறு நிற்கிற தன் சட்டியை எடுத்தாள். முத்தாத்தாள் “ஏட்டி, ஏட்டி” என்று குறுக்கே வந்தாள். “என் புருசன் நடந்து வந்து நிக்காரு, பெரியம்மா. நேந்தது நேந்ததுதான். நான் தப்புப் பண்ணல” என்று சொல்லிவிட்டு, அதைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றாள். முத்தாத்தாள் ஒதுங்கி வழி விட்டாள்.

தெருத் தெருவாக ஊர்வலம் போனது. வெறும் மண்ணைச் சுமந்து மாரீஸ்வரி நிமிர்ந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால், முழங்கை உயரப் பயிரைச் சுமந்து நாச்சியார் நடந்தாள். வழியெல்லாம் வாசலில் நின்றவர்கள் நாச்சியாரைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அவள் மனசு பொன்னு, அவள் கோதுமையும் பொன்னு என்றார்கள். கோயில் முன்னால் நடந்தது அதற்குள் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, அதுவும் முத்தாத்தாள் அர்த்தம் பண்ணிக்கொண்டபடி. ஒரு கிழவி குனிந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். சட்டியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. அதைச் செய்தாலும் அருள் வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

கண்மாயில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாரியைக் கரைத்தார்கள். மாரீஸ்வரி தட்டைப்பயறை மட்டும் பிடுங்கித் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டாள். பிறகு சட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, மண்ணை அலசி, ஒரு பிடி கோதுமையை எடுத்தாள். ஊறிப் பெருத்து, கறுத்துப்போய், ஒரு மணிகூட வாய் திறக்காத கோதுமை. நாச்சியாரின் கையைப் பிடித்து விரித்து அதில் வைத்தாள்.

“இது உங்களுதுக்கா” என்றாள். இந்தத் தடவை அக்கா என்றது வெறும் பழக்கத்தில் வந்தது. கரையேறிப் புருஷனோடு, அவன் நடைக்குத் தக்க மெதுவாக, போய்விட்டாள்.

நாச்சியார் தண்ணீரிலேயே நின்றாள். முத்தாத்தாள் சேலையைப் பிழிந்துகொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். “கையில என்னட்டி?”

“கோதுமை.”

“பஞ்சாப் கோதுமையா?”

“ஆமா அத்தை” என்றாள். வறுத்தது என்று சொல்ல இப்போதும் வாய் வந்தது. சொன்னால் மறுபடியும் கும்பிடுவார்கள்.